தானாகச் சரியானது

போன வியாழக்கிழமை மதியம் சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தபோது பிரவீன் போனில் கூப்பிட்டார். நான் வேலை பார்த்த ஒரகடம் தொழிற்சாலையில் இப்போது கணினிகளைப் பார்த்துக்கொள்பவர் அவர். என்னோடு இரண்டு வருடம் இருந்தவர். நான் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வந்த பிறகும் மாதம் ஒரு முறை ஏதாவது சந்தேகம் கேட்பார்.

"சார், கேட்டுல இருக்கற நகல் டேட்டாபேஸ் ரீட் ஒன்லி கனெக்‌ஷனையே எடுக்க மாட்டேங்குது சார். காலைல ரீஸ்டார்ட் பண்ணேன். ஓடுது, பச்சை லைட்டு எரியுது, ஆனா உள்ள விட மாட்டேங்குது. போன வாரமும் இப்டித்தான் பண்ணுச்சு. ரெண்டு மணி நேரத்துல தானா சரியாயிடுச்சு. இதுவும் ஆயிடும்ல சார்?"

நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தேன். அவரிடம் என்ன சொன்னேன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. ஒரே ஒருவரைத் தவிர இதை நான் யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை, என் மகளிடம்கூட.

1991-ல் டிப்ளமோ முடித்த கையோடு ஸ்ரீபெரும்புதூர் பக்கம் நெடுஞ்சாலை ஓரத்தில் இருந்த எங்கள் நிறுவனத்தின் பழைய தொழிற்சாலையில் டைம் ஆபீஸ் பயிற்சியாளராகச் சேர்ந்தேன். யார் வேலைக்கு வந்தார்கள், எப்போது உள்ளே போனார்கள், எப்போது வெளியே வந்தார்கள் என்று கணக்கு வைக்கும் அலுவலகம் அது. அப்போது எல்லாம் காகிதம். அகலமான வருகைப் பதிவேடு, அடியில் கார்பன், அதற்கடியில் வெள்ளைத்தாள். காலை பத்து மணிக்கு அந்த வெள்ளைத்தாளைக் கிழித்துக்கொண்டு போய் கேட்டில் இருக்கும் தகரப் பெட்டியில் போட வேண்டும். உள்ளே தீப்பிடித்தால் டைம் ஆபீசே எரிந்துபோகலாம். அப்போது உள்ளே எத்தனை பேர் என்று சொல்ல அந்தத் தாள் ஒன்றுதான் மிஞ்சும். நகல் என்றால் என்ன என்று நான் கற்றுக்கொண்டது அந்தத் தகரப் பெட்டியில்தான்.

டைம் ஆபீசுக்குத் தலைவர் வரதன் சார். சட்டைப்பையில் எப்போதும் ஒரு கட்டைப் பென்சில் இருக்கும். கோபப்பட்டு யாரும் பார்த்ததில்லை. பிரச்சினை என்று போனால், "என்ன ஆச்சு?" என்று கேட்க மாட்டார், "எதனால?" என்றுதான் கேட்பார். நாம் எழுதும் பதிவேட்டைத் தினமும் மாலை படிப்பார். காரணம் இல்லாத வாக்கியத்தைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு, ஓரத்தில் "எதனால்?" என்று எழுதுவார். பதில் எழுதும்வரை அந்தப் பக்கத்தில் கையெழுத்துப் போட மாட்டார். அவ்வளவுதான் அவருடைய தண்டனை. திட்டு வாங்கிவிட்டால் தேவலை என்று இருக்கும்.

சேர்ந்த மூன்றாம் மாதம் ஒருநாள் காலை பத்து மணிக்குப் பதிவேடு முடியவில்லை. வருகை அட்டையைத் தொலைத்தவர்கள், ஷிஃப்ட் மாறி வந்தவர்கள் என்று பன்னிரண்டு பேரைப் பென்சிலில் குறித்து வைத்திருந்தேன்; விசாரித்து மையால் எழுதிவிட்டு எடுத்துப்போகிறேன், பத்து நிமிஷம் கொடுங்கள் என்றேன்.

வரதன் சார் கடிகாரத்தைப் பார்த்தார். "முடியலேன்னா முடியாததையும் சேத்துக் கிழிப்பா. பென்சில்ல எழுதின ஆளும் உள்ளதான நிக்கிறான்?" என்றார்.

அடுத்த இருபது வருடங்களை ஒரு பத்தியில் முடித்துவிடலாம். கணினி வந்தது, படித்தேன். கார்டு தேய்க்கும் இயந்திரம் வந்தது. நிறுவனம் ஒரகடத்தில் பெரிதாகக் கட்டியபோது வரதன் சார் அங்கே கணினிப் பிரிவுத் தலைவரானார், நான் அவருக்குக் கீழே போனேன். கார்பன் தாளுக்குப் பதில் டேட்டாபேஸ் வந்தது. மூலக் கணினி நிர்வாகக் கட்டடத்தில். அதன் நகல் கேட்டில். மூலத்தில் ஒருவர் கார்டு தேய்த்தால் மறுநொடி நகலுக்குப் போய்விடும். நகலில் யாரும் எழுத முடியாது, படிக்க மட்டுந்தான் முடியும். தீ என்றால் கேட்டில் இருப்பவர்கள் நகலைத் திறந்து, வெளியே வராதவர்கள் பட்டியலை அச்செடுக்க வேண்டும். தகரப் பெட்டியின் வேலையேதான்.

இங்கேதான் சம்பத் வருகிறார். ஒரகடம் டைம் ஆபீசின் எழுத்தர். பக்கத்து ஊர்க்காரர், வாய் ஓயாமல் பேசுபவர். கார்டு வேலை செய்யாதவர்கள், ஓவர்டைம் மாறியவர்கள், ஆள் மாற்றி அனுப்பப்பட்ட ஒப்பந்தத் தொழிலாளர்கள் எல்லோருடைய திருத்தங்களையும் அவர்தான் கையால் பதிய வேண்டும். ஒரு திருத்தத்தைச் சேமித்துவிட்டால் பிறகு அதை மாற்ற மனிதவள மேலாளரின் கையெழுத்து வேண்டும் என்று விதி. அவர் வாரத்தில் நான்கு நாள் சென்னைத் தலைமை அலுவலகத்தில் இருப்பார். ஒப்பந்தக்காரர்களின் மேஸ்திரிகளோ மணிக்கொரு தரம் வந்து, அவன் இல்லை இவன் என்று மாற்றச் சொல்லுவார்கள்.

ஒருநாள் சம்பத் என் மேஜைக்கு வந்தார். "சார், ஒவ்வொரு தபாவும் சேவ் கேக்குது சார் அது. சேவ் பண்ணா கையெழுத்துக்கு நான் மெட்ராஸ் போவணும். காலைல தொறந்து வெச்சிக்கினு, ஷிஃப்ட் முடிய சொல்லோ ஒரே சேவ்வா போடற மாதிரி செஞ்சி குடு சார். உனக்குப் புண்ணியமாப் போவும்."

ஒரு மதியத்தில் செய்து கொடுத்தேன். காலை ஆறு மணிக்குத் திறக்கும் திரை, மாலை மூன்றுக்குத்தான் சேமிக்கப்படும். நடுவில் இருப்பதெல்லாம் அந்தத் திரையில் மட்டும் இருக்கும். வரதன் சாரிடம் சொல்லவில்லை. சின்ன வசதிதானே என்று நினைத்தேன். சம்பத் எனக்கு வல்லக்கோட்டை முருகன் கோயில் பிரசாதம் கொண்டுவந்து கொடுத்தார்.

சில மாதம் கழித்துத் தீ ஒத்திகை. அன்று காலைதான் நகலை ரீஸ்டார்ட் செய்திருந்தேன். ஒத்திகையில் கேட்டில் திறந்தால், திறக்கவில்லை. இணைப்பை ஏற்கத் தயாராக இல்லை என்ற ஒரே வரி. கடவுச்சொல் சரி, கம்பி சரி, மூலத்திலிருந்து தரவு வந்துகொண்டுதான் இருந்தது. முக்கால் மணி நேரம் தலையைப் பிய்த்துக்கொண்டேன். மூன்று மணி சுமாருக்கு அதுவே திறந்துகொண்டது. பதிவேட்டில் எழுதினேன்: "நகல் இணைப்பை மறுத்தது. பின்னர் தானாகச் சரியானது."

எதனால் என்பதை வெகுநாள் கழித்துத்தான் அறிந்தேன். படிப்பவர்களுக்கு இங்கேயே சொல்லிவிடுகிறேன். ரீஸ்டார்ட் ஆகி எழும் நகல், மூலத்தில் இந்த நேரம் பாதியில் நிற்கும் வேலைகள் எவை என்று கேட்கும். ஒரே திரையில் நூறு திருத்தம் சேமிக்காமல் கிடந்தால் அந்தப் பதில் முழுதாக அதற்கு வராது. எது முடிந்தது, எது முடியவில்லை என்று உறுதியாகத் தெரியாமல் யாருக்கும் எதையும் காட்டக்கூடாது என்று அது கதவைச் சாத்திக்கொண்டு காத்திருக்கும். அங்கே சம்பத் சேமித்த நொடியில் இங்கே கதவு திறக்கும். நகல் தானாகச் சரியாகவில்லை. ஒருவர் தன் வேலையை முடித்தார், அவ்வளவுதான்.

அன்று மாலை வரதன் சார் "தானாகச் சரியானது" என்பதைச் சுற்றி வட்டம் போட்டு "எதனால்?" என்று எழுதினார். மறுநாள் பார்க்கிறேன் என்றேன். மறுநாள் வேறு வேலை வந்தது. அவர் இரண்டு முறை நினைவூட்டினார். அந்தப் பக்கம் கையெழுத்தில்லாமலே கிடந்தது.

அதே வருடம் என் மகள் நிவேதா டிப்ளமோ முடித்தாள். நானே அலைந்து எங்கள் பெயிண்ட் ஷாப்பில் தரப் பரிசோதனைப் பயிற்சியாளராகச் சேர்த்துவிட்டேன். ஒரே வாசல் வழியாக இருவரும் போய் வரலாம், என் கண்ணெதிரில் இருப்பாள் என்று கணக்குப் போட்டேன். அவளுக்குக் கொடுத்த டிக்கெட் எண், அதாவது தொழிலாளர் எண், எனக்கு அன்றே மனப்பாடம்.

அந்த நாள் ஒரு செவ்வாய்க்கிழமை. பகல் பன்னிரண்டு மணிக்கு, ஹார்ட் டிஸ்க்கில் இடம் குறைந்ததால் நகலை ரீஸ்டார்ட் செய்தேன். ஓடுகிறதா என்று பார்த்தேன், ஓடியது. படிக்க விடுகிறதா என்று பார்க்கவில்லை. சாப்பிடப் போய்விட்டேன்.

இரண்டு நாற்பதுக்குப் பெயிண்ட் கலக்கும் அறையில் தீ. முதல் ஷிஃப்ட் இரண்டரைக்கு முடிந்து ஆட்கள் வெளியே போய்க்கொண்டும், இரண்டாம் ஷிஃப்ட் உள்ளே வந்துகொண்டும் இருந்த நேரம். யார் உள்ளே, யார் வெளியே என்று கண்ணால் பார்த்துச் சொல்ல வழியே இல்லை. நிர்வாகக் கட்டடம் பெயிண்ட் ஷாப்பை ஒட்டியது; விதிப்படி அதன் மின்சாரம் முழுவதையும் வெட்டினார்கள். மூலக் கணினி செத்தது. அதே கட்டடத்து மாடியில் இருந்த டைம் ஆபீசிலிருந்து சம்பத் திரையை அப்படியே விட்டுவிட்டுக் கீழே ஓடிவந்தார்.

நான் கேட் அறைக்கு ஓடினேன். நகலைத் திறந்தேன். இணைப்பை ஏற்கத் தயாராக இல்லை. மறுபடி. இல்லை. மறுபடி.

ஜன்னலுக்கு வெளியே கரும்புகை. நிவேதா முதல் ஷிஃப்ட். பெயிண்ட் ஷாப்பில் கைபேசி அனுமதி இல்லை, லாக்கரில் வைத்துவிட வேண்டும். நான் அடித்த நான்கு அழைப்பையும் யாரும் எடுக்கவில்லை.

வரதன் சார் வேர்த்து விறுவிறுத்து உள்ளே வந்தார். பின்னாலேயே பாதுகாப்பு அதிகாரி, "லிஸ்ட் எங்க? லிஸ்ட் எங்க?" என்று.

"தொறக்கல சார்," என்றேன்.

"எதனால?"

"தெரியல சார். ஒரு வழி இருக்கு. நகலையே மூலமா மாத்திட்டா உடனே தொறந்துக்கும். உங்க பர்மிஷன் வேணும்."

நகலை மூலமாக மாற்றினால் பழைய மூலத்தோடு உறவு அறுந்துவிடும். அதனால் அவர் வாயால் சொல்லாமல் அதைச் செய்யக்கூடாது என்பது எங்கள் நடைமுறை. அவர் அந்தப் புகையிலும் நிதானம் இழக்கவில்லை.

"மாத்தினா என்னப்பா போவும்?"

"பாதியில நிக்கிற வேலை எதுனா இருந்தா, அது மட்டும் அழிஞ்சிடும் சார்."

"பாதியில என்ன நிக்கிது?"

கேட்டுக்கு வெளியே முப்பதடி தள்ளி, வேப்பமரத்தடியில் சம்பத் நின்றுகொண்டிருந்தார். ஜன்னல் வழியே எனக்குத் தெரிந்தது. ஒரு குரல் கொடுத்திருந்தால் வந்திருப்பார். அந்தத் திரையைச் செய்து கொடுத்ததும் நான்தான். மணி மூன்று ஆகவில்லை என்பதும் எனக்குத் தெரியும். ஆனால் அந்த நிமிஷம் என் தலைக்குள் ஒரே ஒரு டிக்கெட் எண்தான் இருந்தது.

"ஒண்ணும் இருக்காது சார்," என்றேன்.

"தொற," என்றார்.

மாற்றினேன். சில வினாடிகளில் திறந்தது. முதலில் பட்டியல் முழுவதையும் அச்செடுக்க வேண்டும் என்பது விதி. நான் முதலில் என் மகளின் டிக்கெட் எண்ணை அடித்தேன். வெளியே, இரண்டு முப்பத்து நான்கு. கம்பெனி பஸ்ஸில் ஏறிப் போயிருக்கிறாள்; பஸ் இரைச்சலில் போன் அடித்தது கேட்கவில்லை என்று பிறகு சொன்னாள். எனக்குக் கண்ணீர் வந்தது. அதற்குப் பிறகுதான் பட்டியலை அச்செடுத்தேன். பெயிண்ட் ஷாப்பில் வெளியே வராதவர்கள் இரண்டு பேர்.

தீயணைப்புக் குழு உள்ளே போய் இரண்டு பேரையும் தூக்கி வந்தது. மயக்கம், ஆனால் உயிர் இருந்தது. பாதுகாப்பு அதிகாரி தாளில் இரண்டு பெயரையும் அடித்துவிட்டு, "உள்ள யாரும் இல்ல. க்ளியர்," என்றார். குழு வெளியே நின்று தண்ணீர் அடிக்கத் தொடங்கியது.

அப்போது கேண்டீனில் வேலை செய்யும் எல்லம்மா கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்தார். அவருடைய அக்கா கன்னியம்மா பெயிண்ட் ஷாப்பில் துப்புரவு வேலை பார்ப்பவர், ஒப்பந்தத் தொழிலாளி. அக்கா தங்கை இருவரும் வல்லக்கோட்டை பக்கத்திலிருந்து ஒரே ஷேர் ஆட்டோவில் வருவார்கள்.

"எங்க அக்கா வர்ல," என்றார் எல்லம்மா.

"லிஸ்ட்டுல பேரு இல்லம்மா," என்றார் வாசலில் நின்ற காவலாளி. "வூட்டுக்குப் போயிருக்கும். நீ கூட்டம் சேக்காத, நவுரு."

"எப்டிய்யா போவும்? காலைல எங்கூடத்தான் வந்துச்சி. அத்தோட சோத்து டப்பா இந்தா எங்கையிலதான கீது? துன்னாமயே வூட்டுக்குப் போச்சா?"

என் கையில் தாள் இருந்ததைப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தார். "சார், நீ படிச்சவன். நல்லா பாத்து சொல்லு சார். கன்னியம்மா. க-னாவுல பாரு."

பார்த்தேன். கேட் அறைக் கணினியிலும் தேடினேன். "இல்லம்மா," என்றேன். "இன்னைக்கு உள்ளயே வரலேன்னு காட்டுது."

"உன் பேப்பரு பொய்யி சொல்லுது சார்," என்றார் எல்லம்மா. அந்தச் சத்தத்துக்குத்தான் சம்பத் திரும்பிப் பார்த்தார். மரத்தடியிலிருந்து நடந்து வந்தார்.

"கன்னியம்மாவா? காலைல வந்துச்சே. கார்டு வளைஞ்சிப் போயி தேய்க்கல. நான்தான் என்ட்ரி போட்டேன்." என்னைப் பார்த்தார். "சார், அந்த ஸ்கிரீன்ல கீது சார். இன்னும் சேவ் பண்ல நானு."

அதற்குப் பிறகு நடந்தது எனக்குத் துண்டு துண்டாகத்தான் நினைவிருக்கிறது. ஓடினேன். பாதுகாப்பு அதிகாரியின் சட்டையைப் பிடித்தேன். "இன்னொருத்தர் இருக்காங்க, லிஸ்ட் தப்பு, லிஸ்ட் தப்பு," என்று கத்தினேன். வரதன் சார் அங்கேதான் நின்றிருந்தார். என்னை ஒரு தரம் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை.

குழு மறுபடி உள்ளே போனது. கன்னியம்மாவை உடைமாற்றும் அறைக்குப் பின்னால், துடைப்பங்கள் வைக்கும் இடத்தில் கண்டெடுத்தார்கள். தீ அவரைத் தொடவில்லை. புகைதான். முதல் முறை போனவர்கள் அந்தக் கதவைத் தாண்டித்தான் போய் வந்திருக்கிறார்கள். இரண்டு பேர் எங்கே இருப்பார்கள் என்று தெரிந்து போனதால் அதைத் திறக்கவில்லை. இரண்டு முறைக்கும் நடுவே எவ்வளவு நேரம் என்று விசாரணையில் கேட்டார்கள். பதினெட்டு நிமிஷம். அவர் மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் இறந்துபோனார்.

தீப்பிடித்த அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போனேன். நிவேதா டி.வி.யை அணைத்துவிட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். "கன்னியம்மா அக்காவாமே? காலைலகூட எனக்குப் புது கிளவுஸ் எடுத்துக் குடுத்துதுப்பா," என்றாள். நான் குளிக்கப் போய்விட்டேன்.

விசாரணையில் தீ எப்படிப் பிடித்தது என்பதைத்தான் நாள் கணக்கில் பேசினார்கள். பட்டியலைப் பற்றி ஒரே வரி: மின்தடையால் ஒரு பெயர் விடுபட்டது. எனக்கு எச்சரிக்கைக் கடிதம். சம்பத்தை வேறு பிரிவுக்கு மாற்றினார்கள். அந்த வரி பொய்யில்லை. அதனால்தான் அதை என்னால் தாங்க முடியவில்லை.

விசாரணை முடிந்த அன்று பழைய பதிவேட்டை எடுத்துக்கொண்டு வரதன் சார் அறைக்குப் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். சம்பத்துக்குச் செய்து கொடுத்த திரை, ஒத்திகை அன்று திறந்துகொண்டதன் காரணம், ஒண்ணும் இருக்காது என்று நான் சொன்னது. முதலில் அடித்த டிக்கெட் எண் யாருடையது என்பதையும்.

"நானும் இன்னொரு தரம் கேட்டிருக்கணும்," என்றார். பிறகு பதிவேட்டைப் பிரித்தார். தானாகச் சரியானது என்ற வார்த்தைகளைச் சுற்றி அவர் போட்ட வட்டம். பக்கத்தில் "எதனால்?" கீழே வெற்றிடம்.

"எழுது," என்றார்.

பேனாவை எடுத்தேன். மேலே ஒத்திகை நாளின் தேதி இருந்தது. கை தானாக அந்தத் தேதிக்குக் கீழேயே எழுதப் போனது.

"குமரேசன்," என்றார் வரதன் சார். "இன்னைக்குத் தேதியப் போட்டு எழுது."

எழுதினேன். அவர் கையெழுத்துப் போட்டார். மறுவாரமே அந்தத் திரையை மாற்றினேன். ஒவ்வொரு திருத்தமும் பதிந்த நொடியே சேமிக்கப்பட்டது. அடுத்த வருடம் வரதன் சார் ஓய்வு பெற்றார். அதன்பின் அந்தக் கேட்டைத் தாண்டும்போதெல்லாம் வேப்பமரத்தடியைப் பார்க்காமல் குனிந்துகொண்டு போனேன். சில வருடம் தாக்குப்பிடித்துவிட்டு நானும் வந்துவிட்டேன். எல்லம்மாவை அதன் பிறகு ஒரே ஒரு முறை ஒரகடம் பஸ் நிறுத்தத்தில் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தாரா என்று தெரியவில்லை. நான் அடுத்த பஸ்ஸுக்கு நின்றுகொண்டேன்.

இனி பிரவீனின் போன்.

"இதுவும் ஆயிடும்ல சார்?" என்று அவர் கேட்டதற்கு, "போனை வெக்காத," என்றேன். "மூலத்துல சேமிக்காம எந்த வேலை தொறந்து கெடக்குன்னு பாரு. எவ்வளவு நேரமா, யாரோட திரைன்னு பாத்துச் சொல்லு. நான் லைன்லயே இருக்கேன்."

"சாப்பிட்டு வந்து பாக்கட்டா சார்? பசிக்குது."

"இப்பப் பாருப்பா."

விசைகள் தட்டும் சத்தம் கேட்டது. நின்றது. மீண்டும் தட்டும் சத்தம்.

"ஒண்ணு கெடக்கு சார். டைம் ஆபீஸ். காலைல ஆறு மணில இருந்து." சிரித்தார். "தலைமை ஆபீஸ்ல இருந்து புது சாஃப்ட்வேர் வந்துச்சில்ல சார், அதுல திருத்தம் போட்டா மேல அப்ரூவல் கேக்குதாம். அதுக்குன்னு காலைல தொறந்து வெச்சிக்கினு சாயங்காலம் ஒரே சேவ்வா போடறாங்களாம். நல்ல ஐடியாதான்?"

நான் சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்தேன். நிவேதா இப்போது அங்கே நிரந்தரப் பணியாளர், பெயிண்ட் ஷாப் மேற்பார்வையாளர். அவளுடைய ஷிஃப்ட்டை வாரா வாரம் அதில் நானே பென்சிலில் குறித்து வைப்பேன். அன்றைக்கு அவளுக்கு முதல் ஷிஃப்ட். அதற்கு முந்தைய நாள்தான் கார்டு சரியாகத் தேய்க்கவில்லை, கையால் பதியச் சொல்லிவிட்டேன் என்று சொல்லியிருந்தாள்.

மணி ஒன்று நாற்பது.

"பிரவீன்," என்றேன், "எழுந்து டைம் ஆபீசுக்குப் போ. நடக்காத, ஓடு."